ரேடாருக்குத் தப்பும் விமானமும் கைக்குக் கிடைக்காத உதிரிபாகமும்

(கோவையில் சிறுதொழில் முனைவோரும் பொறியியல் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு, ரேடாருக்குத் தப்பும் ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானமும் அதன் உதிரிபாகங்களும். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏனுங்க, அமெரிக்காக்காரன் பிளேனுக்கு நம்ம கணபதியிலயும் ஆவாரம்பாளையத்துலயும் வந்து யாருங்க ஸ்பேர் கேக்கப் போறான்?" நியாயமான கேள்வி. யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு ஏன் அந்த விமானத்தைப் பற்றிக் கோவையில் பேச வேண்டும்? உலகிலேயே அதிக விலையுள்ள அந்த விமானத்துக்கு வந்த கஷ்டம், நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒவ்வொருவருக்கும் பழக்கமான கஷ்டம். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

தூரத்து விமானத்துக்குப் போகுமுன் பக்கத்து ஊருக்குப் போவோம். 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று இறங்கியது. மோசமான வானிலை, குறைந்த எரிபொருள், அவசரமாக இறங்கியது. எரிபொருள் நிரப்பிப் பறந்துவிடும் என்றார்கள். பறக்கவில்லை. ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. ரேடார் கண்ணுக்கே எளிதில் அகப்படாத விமானம், கேரளத்து மழையில் நனைந்தபடி ஊரே பார்க்க நின்றது! கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே வெளியிட்டது. நாமும் சிரித்தோம். கைப்பேசியில் பகிர்ந்தோம்.

அந்த விமானம் எப்போது கிளம்பியது தெரியுமா? ஜூலை 22. பிரிட்டனிலிருந்து 20 பேருக்கு மேற்பட்ட குழு தனி ராணுவ விமானத்தில் கருவிகளோடு வந்து இறங்கியது. விமானத்தைக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்று பழுது பார்த்தார்கள். ஐந்து வாரங்களுக்கு மேல் கழிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் மெக்கானிக் இல்லையா? இருந்தார்கள், நல்ல மெக்கானிக்குகளே இருந்தார்கள். ஆனால் அந்த விமானத்தைத் தொடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதன் பாகம் அவர்களிடம் இல்லை. அந்தப் பாகத்தின் பத்திரங்களும் இல்லை. நண்பர்களே, அந்த மூன்றாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், அதாவது சான்றும் காகிதமும். இந்தப் பேச்சில் அது திரும்பத் திரும்ப வரும்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். பி-2 ஸ்பிரிட். 1988 நவம்பர் 22 அன்று கலிஃபோர்னியாவின் பாம்டேல் நகரில் உலகுக்கு முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1989 ஜூலை 17 அன்று முதல்முறை பறந்தது. இதற்கு வால் கிடையாது. உடல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. முழுவதும் ஒரே இறக்கை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 52 மீட்டருக்கு மேல். நான்கு எஞ்சின்களும் இறக்கைக்குள்ளேயே புதைந்திருக்கும். இரண்டே பேர் ஓட்டுவார்கள்.

இந்த உருவத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஜாக் நார்த்ராப். இறக்கை மட்டுமே விமானமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் பித்து. 1940-களில் செய்தும் காட்டினார். அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அவர் முதுமையில் தளர்ந்து கிடந்தபோது, 1980-ல், அவர் தொடங்கிய நிறுவனத்தின் பொறியாளர்கள் சிறப்பு அனுமதி வாங்கி, ரகசியமாக இருந்த புது விமானத்தின் மாதிரியை அவர் கையில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவருடைய பழைய ஒய்பி-49 விமானத்தின் இறக்கை நீளம் 172 அடி. பி-2-வின் இறக்கை நீளமும் 172 அடியே.

உருவம் நார்த்ராப்பின் கனவு. ரேடாருக்குத் தப்பும் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் எதிரி நாட்டிலிருந்து! பியோத்தர் உஃபிம்த்சேவ் என்ற சோவியத் இயற்பியலாளர், ஒரு பொருளின் விளிம்புகளில் மின்காந்த அலை பட்டால் எப்படிச் சிதறும் என்று 1962-ல் ஒரு நூல் எழுதினார். சோவியத் ராணுவம் அதைப் பெரிதாக எண்ணவில்லை, அச்சிட்டு வெளியிட்டார்கள். அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்துக்கொண்டது. லாக்ஹீட் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் கண்ணில் அது பட்டது. ஸ்டெல்த் யுகம் பிறந்தது. தன் வீட்டுச் சரக்கின் மதிப்பைப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித் தெரிந்துகொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

சரி, ரேடாருக்கு எப்படித் தப்புகிறது? பாதி வேலையை உருவம் செய்கிறது. வந்த அலையை அனுப்பியவனிடம் திருப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. மீதி வேலையை மேல்தோல் செய்கிறது. அலையை உறிஞ்சும் பூச்சு, இரண்டு தகடுகள் சேரும் இடைவெளியை மூடும் பட்டை, திருகாணியின் தலையை மறைக்கும் பசை. ஒரு தகடு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றாலும் ரேடார் அதைப் பிடித்துக்கொள்ளும். இதன் பொருள் என்ன? உள்ளே ஒரு சிறு பாகம் பழுதானால், முதலில் மேலே உள்ள பட்டையை உரிக்க வேண்டும். பசையைச் சுரண்ட வேண்டும். தகட்டைக் கழற்ற வேண்டும். பாகத்தை மாற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பூசி, உலர வைத்து, அளந்து பார்க்க வேண்டும். பாகம் மாற்றும் நேரம் கொஞ்சம். தோலை மூடும் நேரம் அதைவிட அதிகம். ஈரமும் வெயிலும் இந்தப் பூச்சுக்கு ஆகாது என்று 1997-லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு எழுதியது. குளிரூட்டிய கொட்டகையில் வைத்துத்தான் அதைக் காக்கிறார்கள்.

முதலில் 132 விமானங்கள் செய்யத் திட்டம். பனிப்போர் முடிந்தது. காசு கொடுக்க மனமில்லை. 21-உடன் நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்து வகுத்தால் ஒரு விமானம் சுமார் 210 கோடி டாலர். இன்று மிஞ்சியிருப்பவை 19.

சிறுதொழில் அன்பர்களே, இந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். 21 உருப்படி. அதற்கு மேல் ஆர்டர் இல்லை. இனி வரவும் வராது. ஆனால் ஒவ்வொன்றையும் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். எந்த சப்ளையர் டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருப்பான்? ஆண்டுக்கு இரண்டு பீஸ் கேட்பவனுக்கு எந்தக் கம்பெனி ஒரு மெஷினை ஒதுக்கும்? அந்த வேலையைச் செய்த மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நோட்டுப் புத்தகம் எங்கே?

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2021-ல் அமெரிக்க விமானப்படையே ஒரு டெண்டர் அறிவிப்பு வெளியிட்டது. பி-2-வின் வெப்பப் பரிமாற்றி ஒன்றின் உள்பகுதியைக் கழற்றிப் பார்த்து, அது எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்து, மறுபடி செய்யும் முறையை உருவாக்கித் தர ஆள் தேவை! யோசித்துப் பாருங்கள். விமானம் அவர்களுடையது. வடிவமைப்பு அவர்களுடையது. காசும் அவர்களிடம் குறைவில்லை. இருந்தும் தன் பாகத்தைத் தானே கழற்றிப் பார்த்து நகல் எடுக்க வேண்டிய நிலைமை. எதிரியின் விமானத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தன் விமானத்தையே கழற்றிப் பார்ப்பது புதுக்கதை.

இன்னொரு கதை இதைவிடக் கசப்பானது. 2008 பிப்ரவரி 23. பசிபிக் கடலில் குவாம் தீவு. மழையும் ஈரமும் நிறைந்த இடம். 'ஸ்பிரிட் ஆஃப் கன்சாஸ்' என்ற பி-2 ஓடுபாதையில் ஓடி எழும்பியது. எழும்பிய சில நொடிகளில் மூக்கு திடீரென மேலே தூக்கிக்கொண்டது, ஒரு பக்கம் சாய்ந்தது, தரையில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் பிழைத்தார்கள். 140 கோடி டாலர் சாம்பலானது. காரணம்? காற்றழுத்தத்தை அளக்கும் 24 உணர்கருவிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தோடு அவற்றைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். ஈரம் காய்ந்ததும் கணக்கு பிசகியது. கணினி நம்பிய வேகமும் உண்மையான வேகமும் வேறாகிவிட்டன.

இதில் என் தூக்கத்தைக் கெடுக்கும் செய்தி ஒன்று உண்டு. கருவியைச் சரிசெய்யும் முன் அதன் வெப்பமூட்டியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் ஈரம் போய்விடும் என்ற உத்தி, சில பணியாளர்களுக்கு 2006 முதலே தெரிந்திருந்தது. வாய்வழியாகத் தெரிந்திருந்தது. முறையான கையேட்டில் ஏறவில்லை. எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. அன்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியாது. கை பழகிய அறிவு தாளில் ஏறாததால் ஒரு விமானம் போயிற்று.

இப்போது கேட்கிறேன். கோவைப் பட்டறையில் இது நடக்காத நாள் உண்டா? "ஏனுங்க மேஸ்திரி, இந்த கேஸ்டிங் வார்க்கும்போது எவ்வளவு நேரம் விட்டு ஊத்தறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பார்த்தாலே தெரியுமுங்க" என்பார். உண்மைதான், அவருக்குத் தெரியும். அவருக்கு அடுத்து வருகிறவனுக்கு?

நம் மண்ணின் கதைக்கு வருகிறேன். உதிரிபாகம் என்பது கொங்கு நாட்டுக்கு நேற்று வந்த தொழிலா? 1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையிலிருந்து கணக்கு வையுங்கள். நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் 1930-களில் இறங்கி வந்தது. ஆலைகள் வரிசையாக எழுந்தன. மெஷின்கள் எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. ஸ்பிண்டில் தேய்ந்தால், ரோலர் ஓய்ந்தால், லங்காஷயருக்கு எழுதிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் வந்தது, கப்பல் நின்றது. ஆலை நிற்க முடியுமா? உள்ளூர்ப் பட்டறைகள் பழைய பாகத்தை அளந்து புதுப் பாகம் கடைந்தன. 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த ஊர் அல்லவா இது! அந்தக் கை வந்த வழியில்தான் 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், முழு மெஷினையே செய்யும் ஆலையாக எழுந்தது. உதிரிபாகம் செய்யத் தொடங்கியவன் ஒருநாள் மெஷினையே செய்தான். வரிசையை மாற்றிப் போட்டு வென்றவர்கள் உலகில் குறைவு.

ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் எங்கே இருக்கிறது? சூலூருக்குப் பக்கத்தில். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே போன்ற வண்டியை வாங்கி, ஓட்டி மகிழாமல் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தவர் அவர். இன்று அவிநாசி சாலை மேம்பாலத்தில் அவர் பெயரைப் படித்தபடி போகிறோம். அதே கலங்கலுக்குப் பக்கத்து வானில்தான் இன்று நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் பறக்கிறது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. இரண்டாம் உலகப்போரின்போது பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையம் இயங்கியது. அதன் பெயர் 'கருடா'. கடலே இல்லாத கோவையில் கடற்படையின் பட்டறை! இங்கே கடைசல் தெரிந்த கை இருந்தது. விமான உதிரிபாகத்துக்கும் கோவைக்கும் உள்ள உறவு அங்கே தொடங்கியது என்று தாராளமாகச் சொல்லலாம். சூலூர் ஓடுதளமும் அந்தப் போர்க்காலச் சொத்துதான்.

இன்றைய சூலூருக்கு வாருங்கள். 2018-ல் தேஜஸின் முதல் படைப்பிரிவான 45-வது ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. 2020 மே 27 அன்று இரண்டாவது பிரிவான 18-வது ஸ்குவாட்ரன் இங்கேயே தொடங்கியது. விமானப்படையின் 5-வது பழுதுபார்ப்பு நிலையமும் சூலூரில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டு விமானங்கள் 'தரங் சக்தி' பயிற்சிக்காக இங்கே வந்து பறந்ததைப் பல்லடம் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நம்மில் பலர் அண்ணாந்து பார்த்தோம், இல்லீங்களா?

அண்ணாந்து பார்த்தது போதும். பறப்பதில் நம் பங்கு என்ன? தேஜஸ் மார்க் 1ஏ-வின் இறக்கைகளை எல் அண்ட் டி நிறுவனம் தன் கோவை வளாகத்தில் செய்கிறது; முதல் ஜோடி 2025 ஏப்ரலில், தேஜஸைச் செய்யும் எச்.ஏ.எல்.-க்கு ஒப்படைக்கப்பட்டது. எஞ்சினுக்குக் காற்றை உள்ளே இழுத்துக்கொடுக்கும் பகுதியை நம் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (எல்.எம்.டபிள்யூ.) செய்கிறது. நூல் மெஷின் செய்த கம்பெனி! இறக்கையும் நம் ஊர், மூச்சுக்குழலும் நம் ஊர். கைதட்டுங்கள், தட்ட வேண்டிய விஷயம்தான்.

கைதட்டி முடித்ததும் அடுத்த வரியைக் கேளுங்கள். அந்த விமானத்தின் எஞ்சின் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404. 2021-ல் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில் வந்து சேர்ந்தது. இறக்கை தயார், உடல் தயார். எஞ்சினுக்காக விமானங்கள் காத்து நின்றன. ஜி.இ.-யும் வேண்டுமென்றே தாமதம் செய்யவில்லை. பல ஆண்டுகளாக ஆர்டர் இல்லாமல் அந்த எஞ்சினின் உற்பத்தி வரிசை மூடிக் கிடந்தது. சப்ளையர்களை மறுபடி திரட்டி எழுப்ப வேண்டியிருந்தது. பி-2-வின் வெப்பப் பரிமாற்றிக்கு வந்த அதே நோய். 83 விமானங்களுக்கு 2021-ல் ஒப்பந்தம், மேலும் 97-க்கு 2025 செப்டம்பரில் ஒப்பந்தம். மொத்தம் 180. இந்த 180 விமானங்களும் 2050-க்குப் பிறகும் பறக்க வேண்டும். அதுவரை பாகம் தேய்ந்துகொண்டே இருக்கும். யார் செய்வது?

தேய்ந்த பாகம் கிடைக்காமல் இந்தியா பட்ட பாடு புதிதல்ல. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது மிக் விமானங்களின் பாகம் எந்த நாட்டில் கிடைக்கும் என்று தேடி அலைந்தோம். 1998-ல் பொக்ரானில் அணுகுண்டு சோதித்தோம். அமெரிக்கா தடை போட்டது. நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பாகமின்றித் தரையில் நின்றன. தேஜஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை பார்த்த நம் பொறியாளர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள்; கருவிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. அவர்கள் பெங்களூரு திரும்பி, விட்ட இடத்திலிருந்து தாங்களே எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் பறந்தது. ஜாகுவார் விமானம் இன்றும் நம்மிடம் ஓடுகிறது. உலகில் வேறு எவரும் ஓட்டவில்லை. பிரான்ஸ் ஓய்வு கொடுத்த 31 ஜாகுவார் உடல்களைக் கழற்றிப் பாகம் எடுப்பதற்காகவே கேட்டு வாங்கினோம். அதுவும் எத்தனை நாளைக்கு?

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரில் ஒரு வால்வு போனால், வண்டியும் ஆட்களும் எத்தனை நாள் அங்கே சும்மா சோறு தின்ன வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆம்னி பஸ்ஸில் பார்சல் வந்து சேரும்வரை முதலாளிக்குத் தூக்கம் இருக்காது. போர் விமானம் நின்றால் தூக்கம் போவது ஒரு முதலாளிக்கு மட்டுமல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் நம் ஊர் பட்டறைகள் நாளையே விமானப் பாகம் செய்யலாமா? இந்தக் கேள்விக்கு மேடைகளில் வழக்கமாக வரும் பதில், "கோவைக்காரனால் முடியாதது உண்டா?" என்பது. நான் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன். கடைய முடியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து மைக்ரான் கேட்டால் ஐந்து மைக்ரானில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் விமானத்துக்காரன் கேட்பது அளவு மட்டுமில்லை.

ஒரு சிறு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினிய பிராக்கெட். நான்கு துளை, இரண்டு வளைவு. நம் ஊர் வி.எம்.சி. மெஷினில் காலையில் ஏற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடலாம். இதற்கு விமானத்துறையில் என்ன செய்ய வேண்டும்? அலுமினியத் தகடு எந்த ஆலையில், எந்த உருக்கில் வார்க்கப்பட்டது என்று எண்ணோடு சான்று வேண்டும். தகட்டை அறுக்கும்போது அந்த எண்ணைத் துண்டுக்கு மாற்றி எழுத வேண்டும். உலோகத்தின் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். மாற்றி வெட்டினால் அளவு சரியாகவே இருக்கும், ஆனால் இரண்டாயிரம் மணி நேரம் பறந்த பிறகு விரிசல் விழும். எந்த மெஷின், எந்த புரோகிராம், எந்தத் திருத்தம், எந்த ஆபரேட்டர், எந்த டூல் என்று ரூட் கார்டில் ஏற்ற வேண்டும். வெப்பப் பதமும் அனோடைசிங்கும் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் நடக்க வேண்டும். பக்கத்துத் தெரு பிளேட்டிங் அண்ணன் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவரிடம் கொடுக்கக் கூடாது. முதல் உருப்படியை டிராயிங்கின் ஒவ்வொரு எண்ணோடும் ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். கழித்த பீஸைச் சிவப்பு அடித்துப் பூட்டிவைத்த கூண்டில் போட வேண்டும். "சின்ன டிஃபெக்ட்தானே, வேற பார்ட்டிக்குத் தள்ளிடலாம்" என்ற பேச்சே இருக்கக் கூடாது. பிராக்கெட்டின் எடை சில நூறு கிராம். அதற்கான காகிதத்தின் எடை அதைவிடக் கூட.

சிரிக்கிறீர்கள். அந்தக் காகிதம் பொய்யானால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2023-ல் லண்டனில் ஒரு நிறுவனம், உலகமெங்கும் ஓடும் பயணிகள் விமான எஞ்சினுக்குப் போலிச் சான்றோடு பாகங்களை விற்றது அம்பலமானது. பல நாடுகளின் விமானங்களை நிறுத்தி எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2024-ல் போயிங், ஏர்பஸ் இரண்டிலும் போலிச் சான்றுள்ள டைட்டானியம் புகுந்தது வெளியே வந்தது. உலோகத்தில் சிறு துளைகளைப் பார்த்து ஒரு சப்ளையருக்குச் சந்தேகம் வந்ததால் பிடிபட்டது. பாகம் கெட்டதா நல்லதா என்பது அப்புறம். சான்று பொய் என்றால் விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டும்.

இங்கே நம் பழக்கம் ஒன்று நமக்கே எதிரியாக நிற்கிறது. அளந்து, கழற்றி, நகல் எடுத்து வென்றவர்கள் நாம். அது நம் பெருமை, நானும் இப்போதுதான் அதைப் பாடினேன். பம்ப் செட்டுக்கும் ஆலை மெஷினுக்கும் அந்த வழி போதும். விமானப் பாகத்தை அளந்தால் வடிவம் கிடைக்கும். வெப்பப் பதம் கிடைக்காது, இழைத் திசை கிடைக்காது, பூச்சின் பதம் கிடைக்காது. பி-2-வின் ஒரு பாகத்தைக் கழற்றிப் பார்க்க அமெரிக்கா தனி டெண்டர் விட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? தொலைந்த வடிவத்தை ஸ்கேனர் ஒரே நாளில் மீட்டுக் கொடுத்துவிடும். தொலைந்த செய்முறையை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

நாளைய விமானத்தையும் பார்ப்போம். இந்தியா தன் சொந்த ஸ்டெல்த் போர் விமானமான ஆம்காவுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில் அதன் முழு அளவு மாதிரியை வைத்தார்கள். ஆயுதங்களை வயிற்றுக்குள் ஒளித்துவைக்கும் விமானம். அதன் கதவுகளின் விளிம்பு, தகடுகள் சேரும் இடைவெளி, திருகாணியின் தலை, எல்லாமே ரேடாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தேஜஸுக்குச் செய்தவர்களே இதற்கும் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இடைவெளியும் மேடுபள்ளமும் அங்கே இன்னும் கடுமையாகப் பிடிக்கப்படும். அதற்குள் தயாராக வேண்டியவர்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள், இதே அரங்கின் பின்வரிசையில் இருக்கிறார்கள்.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கியது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சி, கோவை என்று ஐந்து முனைகள். நம் சிறுதொழில் சங்கமான கொடிசியா ஒரு பாதுகாப்புத் துறைப் புத்தாக்க மையம் நடத்துகிறது. சூலூர் வட்டம் வாரப்பட்டியில் தொழிற்பூங்கா என்றார்கள். நல்லது, எல்லாம் நடக்கட்டும். நிலமும் கட்டடமும் அரசு கொடுத்துவிடும். மேஸ்திரியின் தலைக்குள் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையை அரசு செய்யாது. அதைப் பட்டறைக்குள்ளேயே செய்ய வேண்டும். ஒரு டிப்ளமோ பையனை மேஸ்திரி பக்கத்தில் ஒரு வருடம் உட்கார வைத்தால் போதும். "இவன் என்னடா நம்ம வேலையெல்லாம் எழுதிக்கறான்" என்று முதலில் மேஸ்திரி முறைப்பார். அவர் பெயரையே அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள், முறைப்பு தீரும்.

வங்கிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 40 பீஸ் என்று ஒரு ஆர்டரை உங்களிடம் கொண்டுவருகிறவரை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். தரச்சான்று வாங்க அவர் முதலில் காசைக் கொட்ட வேண்டும். வருமானம் வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மாதாந்திர விற்றுமுதலை வைத்துக் கடன் வரம்பு போடும் உங்கள் படிவத்தில் இந்தத் தொழிலுக்கு இடமே இல்லை. படிவத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். பெரிய நிறுவனத்தாரும் இருக்கிறீர்கள். சின்னப் பட்டறைக்கு வேலை கொடுக்கும்போது பில் தொகையை எத்தனை நாள் இழுத்தடிக்கிறீர்கள் என்று உங்கள் கணக்குப் பிரிவில் இன்று சாயங்காலமே விசாரியுங்கள். ஆண்டுக்கு 40 பீஸ் செய்கிறவனை நான்கு மாதம் காக்க வைத்தால், அடுத்த ஆண்டு அவன் பம்ப் செட்டுக்கே திரும்பிப் போய்விடுவான். அப்புறம் அவனைத் தேடிப் பிடிக்கவும் ஒரு டெண்டர் விட வேண்டிவரும்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்வி நேரம் இருக்கிறது. முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும். பட்டறைக்காரர்கள் தங்கள் டிராயிங்கோடு வந்திருந்தால், டீ இடைவேளையில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்போம்.